மைனஸ் 38-ல் நின்றுபோன டிராக்டரும் நான்கு ஊறுகாய் பாட்டில்களும்

கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தில், ஸ்விஃப்ட் கரன்ட் ஊரிலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி இருக்கிற ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் தாராபுரம் பக்கம் மாமாவின் டிராக்டர் பட்டறையில் பத்து வருஷம் கிரீஸும் கையுமாகக் கிடந்தவன் என்பதால் டீசல் இன்ஜின் எனக்குப் புதிது இல்லை, குளிர்தான் புதிது. 2024 ஜனவரியில், பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பண்ணையின் பெரிய டிராக்டர் பனிக்காட்டு நடுவில் நின்றுவிட்டது. அதை எப்படித் திரும்ப ஓட்டினோம், ஏன் நின்றது என்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன், அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் என்னென்ன செய்கிறேன், எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவ்வளவு பனியில் டிராக்டருக்கு என்ன வேலை என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். உழவு கிடையாது, சரி. ஆனால் தொண்ணூறு மாடு வெளியில் நிற்கிறது. குளிர்காலம் முழுக்க இங்கே மாடுகள் கொட்டகைக்குள் வருவதில்லை, காற்றுத் தடுப்புப் பலகைக்குப் பின்னால் முதுகில் பனியோடு நின்றுகொண்டிருக்கும். அதற்கு உடம்புச் சூடு தீனியிலிருந்துதான் வரணும், குளிர் கூடக் கூடத் தின்பதும் கூடும். ஒரு வைக்கோல் உருளை சுமார் 600 கிலோ, அதில் ஒரு நாளைக்கு மூன்று. இதைக் கையால் தூக்க முடியாது. ஆக டிராக்டர் ஓடவில்லை என்றால் அன்றைக்கு மாட்டுக்குச் சாப்பாடு இல்லை என்று அர்த்தம்.

பண்ணையில் இரண்டு வண்டி. ஒன்று 80-களில் வந்த பழசு, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, மெக்கானிக்கல் பம்ப், நம் ஊர் வண்டி மாதிரியே கையால் ஏர் எடுத்து ஓட்டலாம். இன்னொன்று புதுசு, காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் வைத்திருப்பது), முன்னால் லோடர், புகையைச் சுத்தம் பண்ண டெஃப் திரவம், எல்லாம் உண்டு. தீனி போடுவது புதுசில்தான், பழசுக்கு முன்னால் லோடர் இல்லை.

ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்குப் போனபோது ஷெட் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த தெர்மாமீட்டர் மைனஸ் 38 காட்டியது. இங்கே ஜனவரியில் ஒன்பது மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டும், ஆகவே எல்லாம் தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில். புது வண்டியில் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் "ர்ர்ர்... ர்ர்..." என்று கிழவன் படி ஏறுகிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. உடனே சாவியை விட்டுவிட்டேன். அந்தக் குளிரில் மறுபடி மறுபடி செல்ஃப் அடித்தால் பேட்டரியும் போகும், செல்ஃப் மோட்டாரும் போகும்.

ராத்திரி முழுக்க பிளாக் ஹீட்டர் பிளக் பாயின்ட்டில் மாட்டியிருந்தது. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்ஜின் பிளாக்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) ஓடுகிற இடத்துக்குள் ஒரு ஹீட்டர் எலிமென்ட் செருகியிருப்பார்கள், நம் வீட்டுத் தண்ணீர் ஹீட்டர் கம்பி மாதிரிதான், அதன் ஒயர் முன் கிரில் வழியாக வெளியே தொங்கும். வட டகோட்டாவில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1940-களில் இதை உருவாக்கி 1949-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் என்ன பண்ணினார்கள் என்று முதலாளியிடம் கேட்டேன், எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா சாயங்காலம் இன்ஜின் ஆயிலைச் சூட்டோடு வாளியில் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோய், காலையில் சமையலறை அடுப்போரம் சுட வைத்துத் திரும்ப ஊற்றி ஓட்டுவாராம். அம்மாவிடம் அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

சரி, என் ஹீட்டருக்கு வருவோம். ராத்திரி முழுக்க ஓடியிருந்தால் பிளாக் வெதுவெதுப்பாக இருக்கணும். கையுறையைக் கழற்றி ஒரு நொடி புறங்கையைக் கிட்டே கொண்டுபோனேன் (ஒட்டக்கூடாது, அந்தக் குளிரில் ஈரக்கை இரும்பில் ஒட்டினால் தோல் அங்கேயே தங்கிவிடும்). ஐஸ் மாதிரி இருந்தது. மல்டிமீட்டரை எடுத்து ஒயர் முனையில் வைத்தேன், ஓம்ஸ் எதுவும் வரவில்லை, லைன் கட். எலிமென்ட் எரிந்துவிட்டதா ஒயர் போய்விட்டதா என்று பார்க்க ஹீட்டர் பக்கத்து முனையில் ஒயரைப் பிடுங்கி நேராக எலிமென்ட்டில் வைத்தேன், 14.5 ஓம்ஸ். இங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், ஹீட்டர் 1000 வாட், 120-ஐ 120-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 14.4 வரும். ஆக எலிமென்ட் நன்றாக இருக்கிறது, போனது ஒயர். கிரில் ஓரத்தில் வளைந்த இடத்தில் பிளாஸ்டிக் உறை கண்ணாடி மாதிரி வெடித்து உள்ளே செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. சாதாரண பிவிசி ஒயர் இந்தக் குளிரில் கம்பாகிவிடும், வளைத்தால் ஒடியும். குளிருக்கென்றே ரப்பர் மாதிரி மெத்தென்ற உறை போட்ட ஒயர் விற்கிறது, விலை கூடத்தான், ஆனால் மைனஸ் 40-லும் சுருட்டலாம். ஷெட்டில் அதில் ஒரு துண்டு கிடந்தது, மாற்றினேன். மீட்டரைப் போட்டுப் பார்த்தால் எட்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். நன்றாக இழுத்தது.

மூன்றரை மணி நேரம் காத்திருந்து, பத்தரைக்குச் சாவியைத் திருப்பினால் இரண்டே சுற்றில் பிடித்துக்கொண்டது. எனக்கு ஒரே சந்தோஷம். கால் மணி நேரம் மெதுவாக ஓடவிட்டுச் சூடாக்கி, வைக்கோல் அடுக்கி வைத்திருக்கிற இடத்துக்குக் கிளம்பினேன். ஷெட்டிலிருந்து நானூறு மீட்டர் இருக்கும். பாதி தூரத்தில் ஒரு மேடு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தேன், ஆர்பிஎம் ஏறாமல் இறங்குகிறது. இன்னும் கொடுத்தேன், இன்னும் இறங்கியது. திரையில் ரெயில் பிரஷர் குறைவு என்று எழுத்து வந்தது, இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

இறங்கி, டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டரின் அடியில் இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தில் விளக்கை அடித்தேன். உள்ளே டீசல் இல்லை, உறைந்த நெய்தான் இருந்தது. அதே மங்கலான மஞ்சள், அதே மணல் மணலான தோற்றம்.

இங்கேதான் என் மூளை வேலை செய்யவில்லை என்று புரிந்தது. பிளாக் ஹீட்டர் சூடாக்குவது கூலன்ட்டை, அதன் மூலம் இன்ஜினை. டீசல் டாங்கியையோ லைனையோ ஃபில்டரையோ அது தொடுவதே இல்லை. இன்ஜின் பக்கத்து லைனில் இருந்த கொஞ்ச டீசலில் வண்டி ஸ்டார்ட் ஆகி, ஸ்லோவில் சொட்டுச் சொட்டாகக் குடித்து ஓடியிருக்கிறது, மேட்டில் லோடு விழுந்து நிறையக் கேட்டதும் ஃபில்டர் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டது. மைனஸ் 38-ல் ஸ்டார்ட் ஆகாத வண்டியைவிட ஸ்டார்ட் ஆகிப் பாதியில் நிற்கிற வண்டி பெரிய தலைவலி, ஏனென்றால் அது ஷெட்டில் நிற்பதில்லை.

இழுத்துக்கொண்டு வரவும் வழியில்லை, இன்ஜின் ஓடாமல் அந்த கியர்பாக்ஸை இழுத்தால் அது தனிச் செலவு. நின்ற இடத்திலேயே வேலை செய்வது என்று முடிவாயிற்று. முதலாளி பழைய வண்டியின் பின்னால் உருளை குத்துகிற கம்பியை மாட்டி, ஒவ்வொன்றாகப் பின்பக்கமாகவே போய்க் குத்தி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார், கழுத்து அன்றைக்கு ராத்திரி திரும்பியிருக்காது.

நான் பெரிய தார்ப்பாயை பானெட் மேலிருந்து தரை வரைக்கும் போர்த்தி, அடியில் பனிக்கட்டிகளை வைத்து அமுக்கி ஒரு கூடாரம் மாதிரி ஆக்கினேன். சின்ன ஜெனரேட்டரில் மண்ணெண்ணெய் ஊதும் ஹீட்டரை (இங்கே சாலமாண்டர் என்பார்கள்) ஓட்டி, அதன் வாயை ஃபில்டர் பக்கம் காற்று போகிற மாதிரி, ஆனால் டாங்கியிலிருந்தும் தார்ப்பாயிலிருந்தும் நன்றாகத் தள்ளி வைத்தேன். இதில் விளையாடக்கூடாது. நேராக டாங்கியில் நெருப்பைக் காட்டி வண்டியையே கொளுத்தினவர்கள் உண்டு, கூடாரத்துக்குள் புகை சேர்ந்து மயங்கினவர்களும் உண்டு. ஒரு பக்கம் திறந்தே வைத்தேன், ஹீட்டர் ஓடும்போது தலையை உள்ளே விடவில்லை.

சூடு ஏறுவதற்குள் டாங்கியில் அந்தச் சிவப்பு பாட்டிலை ஊற்றினேன், பவர் சர்வீஸ் 911 என்று பெயர், உறைந்த டீசலைக் கரைக்கிற அவசர மருந்து. அதே கம்பெனியின் வெள்ளை பாட்டில் வேறு, அது முன்கூட்டியே கலக்க வேண்டியது. உறைந்தபின் வெள்ளையை ஊற்றிப் பிரயோஜனம் இல்லை.

ஃபில்டரைக் கழற்றுகிற வேலையில்தான் விரல் போயிருக்கும். டீசல் உறைகிறது என்றாலும் முழுக்கக் கல்லாவதில்லை, மெழுகுக்கு நடுவே மைனஸ் 30-க்குக் கீழே இருக்கிற திரவம் இருக்கிறது. அது கையுறையில் ஊறினால் தண்ணீர் மாதிரி ஐஸாகி நிற்காது, ஊறிக்கொண்டே போய் விரலின் சூட்டையெல்லாம் உறிஞ்சும். இடது ஆள்காட்டி விரல் நுனி வெள்ளையாகி உணர்ச்சி போனது எனக்குத் தெரியவே இல்லை, ஸ்பானர் நழுவியபோதுதான் பார்த்தேன். வண்டி கேபினுக்குள் உட்கார்ந்து அக்குளில் வைத்துச் சூடாக்கினேன், உயிர் வரும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கப்புறம் உள்ளே கம்பளிக் கையுறை, மேலே பெரிய சைஸ் நைட்ரைல் என்று போட்டுக்கொள்கிறேன்.

புது ஃபில்டரை ஷெட்டுக்குள் சூட்டில் வைத்திருந்து எடுத்துவந்தேன். ஊரில் என்றால் ஃபில்டரில் டீசலை ரொப்பித்தான் மாட்டுவோம், பழைய வண்டிக்கு இப்போதும் அப்படித்தான். காமன் ரெயிலில் அது கூடாது, மேலே ஊற்றுகிற டீசலில் ஒரு துளி தூசி இருந்தாலும் நேராக இன்ஜெக்டருக்குப் போகும். வெறும் ஃபில்டரை மாட்டிவிட்டு சாவியை ஆனில் வைத்து எலக்ட்ரிக் பம்ப் அரை நிமிஷம் ஓடட்டும், ஆஃப், மறுபடி ஆன், இப்படி ஏழெட்டுத் தடவை. ஸ்டார்ட் ஆனது, நின்றது. மறுபடி ஆனது, நின்றது. கிண்ணத்தில் திரும்பவும் மேகம். இரண்டாவது புது ஃபில்டரையும் மாட்டினேன் (கையில் இரண்டுதான் இருந்தது), இன்னும் இருபது நிமிஷம் சூடு காட்டினேன். மூன்றாவது முயற்சியில் மிஸ்ஸிங்கோடு, வெள்ளைப் புகையோடு, மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி ஓடி, ஐந்து நிமிஷத்தில் சீரானது. மணி மூன்றே கால்.

சாயங்காலம் மாமா கூப்பிட்டார். பொங்கல் வருகிறதே என்று விசாரிக்க.

"என்ன மாப்ள, குரலே சரியில்ல?"

"டிராக்டர்ல டீசல் உறைஞ்சுபோச்சுங்க மாமா."

"டீசலாவது உறையறதாவது. தேங்கா எண்ணெயத்தான் மார்கழில கட்டியாகிப் பாத்திருக்கறேன்."

"அதேதானுங்க. அது இருபத்தி நாலு டிகிரியில கட்டியாகுது, இது இன்னும் கீழ போனா ஆகுது, அவ்வளவுதான் வித்தியாசம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வெயில்ல வெக்கலாமில்ல?" என்றார். வெயிலே மைனஸ் 30 என்று சொன்னதற்குச் சிரித்தார்.

மாமா சொன்னது சரியான உவமைதான். டீசலில் பாரஃபின் மெழுகு கரைந்த நிலையில் இருக்கிறது. அது நல்ல சரக்கு, நன்றாக எரிவதே அதனால்தான். குளிர் ஏறும்போது ஒரு கட்டத்தில் அந்த மெழுகு படிகமாகப் பிரியத் தொடங்கி டீசல் மங்கும், மேகப் புள்ளி என்று அதைச் சொல்லலாம். அந்தப் படிகங்கள் சேர்ந்து ஃபில்டரின் மைக்ரான் கணக்கிலான துளைகளை அடைத்துவிடும். அதனால்தான் குளிர்காலத்துக்கு மெழுகு குறைந்த டீசல் தனியாக வருகிறது. கனடாவில் பகுதிக்குப் பகுதி, பதினைந்து நாளைக்குப் பதினைந்து நாள், எவ்வளவு குளிர் தாங்க வேண்டும் என்று தரநிலையே இருக்கிறது. நம் நாட்டிலும் லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் குளிர்கால டீசல் கொண்டுவந்தது, மைனஸ் 33 வரை ஓடும் என்று அறிவித்தார்கள், பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது.

அப்படியென்றால் ஜனவரி நடுவில் என் டாங்கியில் ஏன் நெய்? அந்த வார இறுதியில் இதைத்தான் குடைந்தேன். வீட்டில் நான்கு காலி ஊறுகாய் பாட்டில் இருந்தது (மாமி அனுப்பியதும் கடையில் வாங்கியதும்), சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவைத்தேன். முதல் பாட்டிலில் புது வண்டி டாங்கியில் மருந்து ஊற்றுவதற்கு முன்னால் பிடித்துவைத்திருந்த டீசல். இரண்டாவதில் கடையில் கேனில் வாங்கிய நம்பர் ஒன் டீசல், மண்ணெண்ணெய்க்குச் சொந்தக்காரன் மாதிரி மெலிசானது. மூன்றாவதில் இரண்டையும் பாதிக்குப் பாதி. நான்காவதில் முதல் பாட்டில் டீசலோடு வெள்ளை பாட்டில் மருந்து, அளவுப்படி. எல்லாவற்றையும் வீட்டுச் சூட்டில் வைத்திருந்து, வெளியே மைனஸ் 36-ல் வராந்தாப் பலகையில் வரிசையாக வைத்து, சமையல் தெர்மாமீட்டர் குச்சியை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து முதலாளியின் மனைவி இவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்.

டாங்கி டீசல் மைனஸ் 13 வாக்கிலேயே அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மைனஸ் 22-ல் பாட்டிலைச் சாய்த்தால் மெல்லச் சரிந்ததே தவிர ஊற்ற வரவில்லை. நம்பர் ஒன் கடைசிவரை தெளிவாக, நகைக்கடைக் கண்ணாடி மாதிரி நின்றது. பாதிக்குப் பாதி கலந்தது மைனஸ் 25 வரை தாக்குப்பிடித்தது. ஆனால் என்னை யோசிக்க வைத்தது நான்காவது பாட்டில்தான். மருந்து போட்டதும் மைனஸ் 13-லேயே மங்கிவிட்டது, முதல் பாட்டிலுக்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசமே இல்லை. மருந்து ஏமாற்று என்று நினைத்துவிட்டேன். மைனஸ் 28-ல் எடுத்துச் சாய்த்தால் அது ஓடுகிறது! மங்கலாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீராக ஓடுகிறது. மருந்து மெழுகு பிரிவதைத் தடுப்பதில்லை, பிரிந்த படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகாமல் பார்த்துக்கொள்கிறது, பொடியாகவே இருப்பதால் ஃபில்டரில் நுழைந்து போய்விடுகிறது. இதனால்தான் மங்குவதற்கு முன்னால், டீசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலக்கணும் என்கிறார்கள். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருந்தாலும் அந்தப் பாட்டிலைச் சாய்த்தபோதுதான் விளங்கியது.

ஆக டாங்கியில் இருந்தது குளிர்கால டீசலே இல்லை. யோசித்துப் பார்த்ததில் ஞாபகம் வந்தது, காலி டாங்கியில் ஈரம் சேர்ந்து தண்ணீர் இறங்கும் என்று ஊர்ப் பழக்கத்தில் அக்டோபர் முதல் வாரத்தில் டாங்கியை முட்ட நிரப்பிவைத்த புண்ணியவான் நான்தான். அறுவடைக்காக செப்டம்பரில் வந்து முற்றத்துப் பெரிய டாங்கியில் மிச்சம் கிடந்த டீசல் அது. நவம்பரில் லாரிக்காரர் குளிர்கால டீசல் கொண்டுவந்து முற்றத்து டாங்கியில்தான் ஊற்றினார். புது வண்டியோ மாடுகள் அறுத்த தாளில் மேய்ந்துகொண்டிருந்த வரைக்கும் சும்மா நின்றது. அந்த டிசம்பர் வேறு எல் நினோ வருஷமாகி, பிரெய்ரி என்கிற இந்தச் சமவெளி முழுக்க வழக்கத்துக்கு மாறாக இதமாக இருந்தது, பனியே சரியாக விழவில்லை. ஆகவே கோடை டீசல் ஒரு சிணுங்கலும் இல்லாமல் ஓடியது. ஜனவரி இரண்டாவது வாரம் குளிர் ஒரேயடியாக இறங்கியதும் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

முற்றத்து டாங்கியின் அடியிலிருந்தும் கொஞ்சம் பிடித்துப் பார்த்தேன். அது உறைந்துபோய் மங்கலாக வந்தது, வீட்டுக்குள் வைத்ததும் தெளிந்தது, ஆனால் அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தண்ணீர் உருண்டையாக நின்றது. இப்போது ஃபில்டர் அடைத்தால் முதலில் இதைத்தான் செய்கிறேன். சூட்டில் வைத்ததும் எல்லாம் டீசலாகிவிட்டால் மெழுகு, அடியில் தண்ணீர் நின்றால் ஐஸ். மருந்து இரண்டுக்கும் வேறு வேறு. ஐஸுக்கு மெத்தனால் ஊற்றுகிற பழைய பழக்கம் முதலாளிக்கு உண்டு, காமன் ரெயில் பம்ப்புக்கு டீசல்தான் மசகு, அதில் மெத்தனால் போனால் பம்ப் தேய்ந்துவிடும் என்று சொல்லி அந்தக் கேனைப் பழைய வண்டிப் பக்கம் ஒதுக்கிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை, ஜனவரி 13, சாயங்காலம் பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் எல்லோருடைய போனிலும் அவசர எச்சரிக்கை போனது, மின்சாரம் பற்றாக்குறை, தேவையில்லாததை அணையுங்கள் என்று. பிளாக் ஹீட்டரையும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லியிருந்தார்கள். சஸ்காட்செவனிலிருந்து கரண்ட் அனுப்பி உதவினார்கள். ரேடியோவில் கேட்டுக்கொண்டே நான் எங்கள் முற்றத்தில் ராத்திரி முழுக்க எரிகிற ஹீட்டர்களை எண்ணினேன். இரண்டு டிராக்டர், ஒரு பிக்கப், பேட்டரியைச் சூடாக வைக்கிற மின் மெத்தை வேறு. ஒரு ஹீட்டர் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் பன்னிரண்டு யூனிட், நான்கு மணி நேரம் ஓடினாலே பிளாக் எவ்வளவு சூடாகணுமோ அவ்வளவும் ஆகிவிடும். அடுத்த நாளே டைமர் வாங்கி அதிகாலை இரண்டரைக்கு ஆன் ஆகும்படி வைத்தேன். ஹீட்டருக்குத் தாங்குகிற டைமர் வாங்கணும், அலங்கார விளக்குக்கு விற்கிறது உருகிவிடும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. ஆயில் 15டபிள்யூ-40 இருந்ததை 0டபிள்யூ-40 சிந்தெடிக் ஆக்கினேன். அந்த டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் சும்மா இல்லை, 15 போட்டதை மைனஸ் 20-ல்தான் சுற்றிப் பார்த்துச் சான்று தருகிறார்கள், 0 போட்டதை மைனஸ் 35-ல். மைனஸ் 38-ல் 15டபிள்யூவை ஒரு டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன், அதிரசப் பாகு கம்பிப்பதத்தைத் தாண்டிய மாதிரி இறங்கியது. செல்ஃப் கிழவனாகச் சுற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் மைனஸ் 37 வரைக்கும்தான், நாங்கள் கூலன்ட் அறுபதுக்குத் தண்ணீர் நாற்பது வைத்திருக்கிறோம்.

பேட்டரியில் ஒரு ஆபத்து. முழுச் சார்ஜில் இருக்கிற பேட்டரி இந்தக் குளிரில் உறையாது, ஆனால் இறங்கிப்போன பேட்டரியின் ஆசிட் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான், மைனஸ் பத்து பக்கத்திலேயே உறைந்துவிடும். பக்கவாட்டில் வயிறு உப்பியிருந்தால் அதில் ஜம்பர் ஒயரை மாட்டவே கூடாது, வெடிக்கும். உள்ளே கொண்டுபோய் முழுக்க உருகவிட்டு அப்புறம் பார்க்கணும்.

குளிரில் இன்ஜின் சட்டென்று பிடிக்கக் காற்று வழியில் அடிக்கிற ஈதர் ஸ்ப்ரே விஷயத்தில் எனக்கும் முதலாளிக்கும் இன்னும் சண்டை. பழைய வண்டியில் செல்ஃப் சுற்றும்போது ஒரே ஒரு துளி காட்டினால் பிடித்துக்கொள்ளும், ஒப்புக்கொள்கிறேன். புது வண்டியில் காற்று போகிற வழியில் கிரிட் ஹீட்டர் செக்கச்செவேல் என்று பழுத்திருக்கும், அதில் ஈதர் பட்டால் இன்டேக் வழியாக வெடி. ஸ்ப்ரே டப்பாவை அவர் கைக்கு எட்டாத தட்டில் வைத்தேன், அவர் ஏணி எடுத்துவந்தார். இப்போது அது பழைய வண்டியின் கேபினில் இருக்கிறது.

டெஃப் திரவம் மைனஸ் 11-லேயே உறையும், அதற்குப் பதறவேண்டாம், வண்டியிலேயே அதை உருக்குகிற ஏற்பாடு இருக்கிறது, உருகும்வரை வண்டி ஓடவிடும். அதில் எந்த மருந்தும் கலக்கக்கூடாது, கலந்தால் அந்தப் பகுதி மொத்தமும் போகும். ஆனால் உறையும்போது பொங்கும் என்பது எனக்குத் தெரியாமல் முழுக் கேனை ஷெட்டின் குளிர்ப் பக்கம் வைத்து, கேன் பிளந்து, உருகிய பிறகு காங்கிரீட் முழுக்க வெள்ளை உப்பு பூத்துக் கிடந்ததைச் சுரண்டி எடுத்தேன்.

ஹைட்ராலிக் பற்றிப் பேச ஆளே இல்லை, ஆனால் ஓஸ் வெடிப்பது பெரும்பாலும் காலை முதல் பத்து நிமிஷத்தில்தான். ஆயில் கெட்டியாக இருக்கும்போது லோடரைச் சட்டென்று தூக்கினால் பம்ப் நாய்க்குட்டி மாதிரி கத்தும், அந்தச் சத்தம் கேட்டால் கையை எடுத்துவிடணும். ஆயிரத்து இருநூறு ஆர்பிஎம்மில் வைத்து லோடரை ஒரு சாண் தூக்கி இறக்கி, பக்கெட்டை மெல்லச் சாய்த்து நிமிர்த்தி, பத்துப் பதினைந்து நிமிஷம் கொடுத்தால் அதுவே இளகும். டயர் ராத்திரி நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கும், முதல் நூறு மீட்டர் மாட்டு வண்டியில் கல்ரோட்டில் போகிற மாதிரி லொடக் லொடக் என்று போகும், பயப்பட ஒன்றும் இல்லை. வண்டியை மணிக்கணக்கில் ஸ்லோவில் ஓடவிட்டு வைப்பதும் தப்பு, எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும், புகை ஃபில்டர் அடைக்கும்.

சாயங்கால வேலை இப்போது இவ்வளவுதான். வண்டி சூடாக இருக்கும்போதே வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து கால் டம்ளர் பிடித்துப் பார்ப்பது, தண்ணீர் இருந்தால் அப்போதே போகும், காலையில் என்றால் அது ஐஸ். டாங்கியை நிரப்பி வைப்பது, நிரப்புவதற்கு முன்னால் வெள்ளை பாட்டில் அளவை ஊற்றிவிட்டால் மேலே விழுகிற டீசலிலேயே கலந்துவிடும். வண்டியின் மூக்கில் காற்று அடிக்காதபடி திருப்பி நிறுத்துவது, ரேடியேட்டர் முன்னால் பழைய மெத்தை விரிப்பைக் கட்டுவது (அதைக் கழற்றாமல் வேலைக்குப் போனால் இன்ஜின் சூடேறும், அதையும் ஒரு நாள் பண்ணினேன்). ஷெல்ஃபில் எப்போதும் நான்கு ஃபில்டர். செப்டம்பருக்கு அப்புறம் முற்றத்து டாங்கியில் மிச்சம் இருக்கிற டீசலை அக்டோபருக்குள் பழைய வண்டியில் எரித்துத் தீர்ப்பது, புது வண்டி டாங்கிக்குக் குளிர்கால டீசல் வந்த பிறகுதான் முட்ட நிரப்புவது.

நம்பர் ஒன்னில் முழுக்க ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ஓட்டலாம். விலை கூட, லிட்டருக்குச் சக்தி கொஞ்சம் குறைவு, மசகுத்தன்மையும் குறைவு. மைனஸ் 35-க்குக் கீழே என்று வானிலைக்காரர்கள் சொன்னால் மட்டும் பாதிக்குப் பாதி.

ஜனவரி 16 மாட்டுப் பொங்கல். காலையில் மைனஸ் 30-க்கு ஏறியிருந்தது. டைமர் சரியான நேரத்துக்கு ஆன் ஆகியிருந்ததால் முதல் சுற்றிலேயே பிடித்தது, அதே மேட்டில் ஆக்சிலரேட்டரைக் கொடுத்துவிட்டு காதைத் தீட்டிக்கொண்டு ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை. மூன்று உருளைக்குப் பதில் நான்கு போட்டேன். கொம்புக்குப் பெயின்ட் அடிக்கலாமா என்று முதலாளியிடம் கேட்க நினைத்தேன், இங்கே மாடுகளுக்குக் கொம்பே இல்லை. மாமாவுக்கு வீடியோ அனுப்பினேன், முதுகில் பனியோடு தின்றுகொண்டிருந்த மாடுகளைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "அதுக உறையாதா மாப்ள?"